பதினான்கு வரை எண்ணினேன்

மாம்புரித் தேநீர்க் கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். பக்கவாதம் வந்ததிலிருந்து அறுபத்தொரு நாட்களாக என் மனைவிக்குப் பேச்சு விளங்குவதில்லை. காது கேட்கிறது, கேட்ட ஒலியைச் சொல்லாக அறியும் மூளைப் பகுதிதான் அடிபட்டிருக்கிறது. எல்லோருக்கும் நானே பதில் சொல்கிறேன்.

இங்கே சீனியைத் தேநீரில் கலப்பார்கள். பனங்கட்டியைக் கையில் தருவார்கள், கடித்துக்கொண்டு குடிக்கலாம்.

கடைக்காரி அடுப்பைப் பார்த்தபடியே என் மனைவியிடம் கேட்கிறாள். "சீனியா உம்மா, பனங்கட்டியா?"

"அவளுக்கு..." என்று தொடங்குகிறேன்.

"உங்களுக்கிட்டயா கேட்டேன்? கொஞ்சம் சும்மா இருங்க ஐயா!"

வாயை மூடிக்கொண்டு எண்ணுகிறேன். பத்தாகிறது. பன்னிரண்டாகிறது. மனைவியின் நெற்றி சுருங்குகிறது.

பதினான்கில் அவள் உள்ளங்கையை நீட்டுகிறாள்.

இத்தனை நாளில் நான் ஐந்துக்கு மேல் காத்திருந்ததே இல்லை.