சிகாகோவிலிருந்து கவரைப்பேட்டை வரை

அந்த அமெரிக்க வரைபடத்தில் டெக்சாஸின் மேல்பக்கம் எண்ணெய்க் கறை ஒன்று உண்டு. அத்தை வடைப் பொட்டலம் கட்டப் பழைய பேப்பரை இழுத்தபோது, ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் நடுவிலிருந்து அது என் மடியில் விழுந்தது. அறுபதுகளின் கடைசி. நான் ரயிலில் பட்டணத்துக் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எதைப் படித்தாலும் யாரையாவது பிடித்து ஒப்பித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்று அகப்பட்டவள் அத்தை. மாமா இறந்த பிறகு, கவரைப்பேட்டையைத் தாண்டி, கல்கத்தா ரோட்டு வளைவில் தனியாளாக நாஷ்டாக் கடை நடத்தினாள். வடக்கே போகும் லாரிக்காரர்கள் அவள் வாசலில் கற்பூரம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சாப்பிட்டுவிட்டுத்தான் ஆந்திராவுக்குள் நுழைவார்கள். அந்த வழக்கத்தால்தான் அவள் அடுப்பு எரிந்தது.

நான் பத்திரிகையைப் படித்துவிட்டு, அறுபத்தாறாம் எண் சாலையின் சிவப்புக் கோட்டில் விரலை ஓட்டினேன். சிகாகோ, செயின்ட் லூயிஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், பாலைவனம், கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரை. நிலம் புழுதியாகிப்போன விவசாயிகள் சட்டிபானையோடு பிழைக்கப் போன சாலை. வழியெல்லாம் சாப்பாட்டுக் கடைகள், பெட்ரோல் பங்குகள். இப்போது பக்கத்திலேயே நேராகப் புதுச்சாலை போட்டுவிட்டார்கள், பழைய ஊர்களுக்குள் வண்டியே திரும்புவதில்லை என்று உற்சாகமாக முடித்தேன்.

அத்தை எண்ணெய் விரலைப் படத்தில் டெக்சாஸ் மேல் ஊன்றினாள். "இங்க கடை வெச்சிருந்தவ இன்னா ஆனா நைனா?"

பத்திரிகையில் அது இல்லை.

சில வருஷத்தில் எங்கள் வளைவையும் நேராக்கக் கல் நட்டார்கள். கடையைப் புதுச்சாலை ஓரத்துக்கு மாற்றச் சொல்லி அப்பா மன்றாடினார். அத்தை கேட்கவில்லை. பழகிய டிரைவர் ஒருவர் சொல்லியிருந்தார்: "யக்கா, உன் வாசல்ல சூடம் ஏத்தாத வண்டி கவுந்துக்கினுதான் கெடக்கும். நீ பேஜாராவாத."

"கேட்டியா? உங்க அமெரிக்காக்காரன் சூடம் ஏத்தல, அதான் கடை பூட்டிக்கினான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள் அத்தை.

புதுச்சாலை திறந்த பிறகும் லாரிக்காரர்கள் சில வாரம் பழைய வளைவில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பிறகு சாலை பிரியும் இடத்திலேயே கற்பூரம் ஏற்றி, அத்தை கடை இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகப் போனார்கள். நன்றி கெட்டவர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. பக்தியோடுதான் கும்பிட்டார்கள். கடையில் வடை ஆறிக் கிடந்தது.

கடையை மூடிவிட்டு அத்தை கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவப் போனாள். பஸ் அந்தப் பிரிவைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் இறந்தும் பல வருஷமாகிவிட்டது.

இன்று அந்தப் பிரிவும் இல்லை. சாலை அதையும் விழுங்கிவிட்டது. எப்போதாவது வரைபடத்தை விரிக்கிறேன். மடிப்புகள் கிழிந்துவிட்டன. சிவப்புக் கோடு டெக்சாஸுக்குள் நுழைந்ததும் கறையில் மங்குகிறது. அதற்கு அடியில் ஏதோ ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை.