என் பெயருக்கு வந்த தபால்

கல்யாணமாகித் துறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வந்த புதிதில், அந்த வீட்டில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு நான் 'இந்தாடி'. நாத்தனாருக்கு 'மன்னி'. மாமனார் என்னிடம் நேரடியாகப் பேசுவதே அபூர்வம். பேசினால் 'மாட்டுப்பெண்ணே' என்பார். என் புருஷர் தென்னூரில் ஒரு ஹைஸ்கூலில் வாத்தியார். பையன்களின் பெயரையெல்லாம் நாளெல்லாம் கூவிக் கூப்பிட்டுவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் வந்ததும் தொண்டையைச் செருமுவார். அது என்னைக் கூப்பிடுகிற சத்தம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

மாமனார் ரிஜிஸ்திரார் ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். பத்திரம் பதிவதற்கு முன்னால் அதை இரு தரப்பாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவதே அவர் வேலையில் பாதி. அந்தப் பழக்கம் போகவில்லை. முற்பகலில் தபால் வந்ததும் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கு வந்த கடிதமானாலும் பிரித்து, 'மேற்படி, மேற்படி' என்று பத்திரம் படிக்கிற அதே ராகத்தில் படிப்பார். வீட்டில் எல்லாரும் நின்று கேட்கவேண்டும்.

என் அம்மா எழுதிய முதல் கடிதத்தையும் அப்படித்தான் படித்தார். "உன் மாமியார் உன்னை வயிறாரச் சாப்பிட விடுகிறாளா? கூச்சப்படாமல் கேட்டுச் சாப்பிடு" என்று அம்மா எழுதியிருந்தாள். மாமனார் ஒரு எழுத்து விடாமல் படித்தார். அன்றைக்கு மத்தியானம் மாமியார் என் இலையில் மூன்று தரம் சாதம் போட்டுவிட்டு, "போறுமா? இல்லே, துறையூருக்கு எழுதணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அம்மாவுக்கு நான் எழுதிய கடிதங்களில் மழை பெய்தது, காவேரியில் தண்ணீர் வந்தது என்பதற்குமேல் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது வருஷம் ஆடி மாசத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். பட்டணத்தில் ஒரு கம்பெனி. விலாசம் எழுதிப் போட்டால் எம்பிராய்டரி மாதிரிகள் அடங்கிய புஸ்தகம் இலவசமாக அனுப்புவார்களாம். துறையூரில் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா எனக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்திருந்தாள். என் புருஷரிடம் ஒரு கார்டு கேட்டு வாங்கி, என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி அனுப்பினேன்.

பத்தே நாளில் புஸ்தகம் வந்தது. மேலே டைப் அடித்து 'ஸ்ரீமதி' என்று போட்டு, என் முழுப் பெயர், 'அம்மாள் அவர்கள்'. வழக்கப்படி மாமனார்தான் உறையைக் கிழித்தார். புரட்டிப் பார்த்து, "பூ போட்டிருக்கான், மயில் போட்டிருக்கான். படிக்கறத்துக்கு ஒண்ணுமில்லே" என்று கீழே வைத்துவிட்டார். புஸ்தகத்தைவிட எனக்கு அந்தக் கிழிந்த உறைதான் பெரிசாக இருந்தது. அதை எடுத்து நீவி, டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தபால் மழை பிடித்துக்கொண்டது. கூந்தல் தைலக்காரன் எழுதினான். தபால் மூலமாக ஆர்மோனியம் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருவன். கிராமபோன் பெட்டி, பல்பொடி, ரப்பர் ஸ்டாம்பு, கண்ணாடி வளையல், நல்ல காலம் எப்போது பிறக்கும் என்று சொல்கிற ஜோசியர். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. எல்லாவற்றிலும் என் பெயர். தபால்காரர் ரேழியில் நின்று, "நம்ம வீதியிலேயே உங்க வீட்டம்மாவுக்குத்தாங்க தபால் ஜாஸ்தி. வக்கீல் வீட்டுக்குக்கூட இவ்வளவு கிடையாதுங்க" என்று மாமனாரிடம் சொன்னார்.

"இத்தனை பேருக்கும் நான் எழுதவே இல்லையே? என் விலாசம் எப்படித் தெரிஞ்சுது?" என்று என் புருஷரைக் கேட்டேன்.

"ஒருத்தனுக்கு எழுதிட்டயோல்லியோ? அவன் பத்து பேருக்கு வித்துடுவான்."

"விலாசத்தைக்கூடவா விப்பா? என்னைக் கேக்காமலா?"

"கேட்டா நீ வேண்டாம்னுடுவயே!" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சாமான் ஒன்றை யாரோ கொல்லை வழியாக எடுத்துக்கொண்டு போய் ஊர் ஊராகக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும், உண்மையைச் சொல்லவேண்டுமானால், தினம் தபால்காரர் என் பெயரை உரக்கப் படிக்கும்போது காது கொஞ்சம் நீண்டுகொண்டுதான் இருந்தது.

அந்த மார்கழி தாண்டித் தையில் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் தென்னூரிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். அப்பா கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம்; பஞ்சகச்சமும் கோட்டுமாக மிடுக்கான மனுஷர். அம்மா குள்ளமாக, எதையும் விடாமல் பார்க்கிற கண்களோடு இருந்தாள். நான் அடுக்களையில் சொஜ்ஜியை இறக்கிவிட்டு, நாத்தனாருக்கு நெற்றிச்சுட்டியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைய இரண்டாம் தபால், சாயங்காலத் தபால், அப்போதுதான் வந்தது. மாமனார் எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு கார்டு. வந்தவர்களிடம் பெருமையாக, "எங்காத்துல ஒளிவு மறைவே கிடையாது கேட்டேளா? யாருக்குக் கடுதாசி வந்தாலும் கூடத்துல உரக்கப் படிச்சுடறது. இதோ, இது மாட்டுப்பெண்ணுக்கு வந்திருக்கு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"'அம்மணி, வெளியில் சொல்லக் கூசும் அந்தரங்க உபாதையால் தாங்கள் நெடுநாளாகத் தவித்து வருவதை நாங்கள் அறிவோம். தங்கள் ரகசியம் எங்களிடம் பத்திரமாக இருக்கும். மேற்படி உபாதைக்கு எங்கள் லேகியத்தை ஒரு மண்டலம்...'"

முப்பது வருஷப் பழக்கம். அர்த்தம் புத்திக்குப் போய்ச் சேருவதற்குள் வாய் அவ்வளவு தூரம் போய்விட்டது. 'மண்டலம்' என்ற இடத்தில் நின்றார். அடுக்களை வாசலில் நின்றிருந்த மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் என் கையை இறுகப் பிடித்தாள்.

அப்போது பிள்ளையின் அம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஒரு மண்டலம் பசும்பாலோட சாப்பிடணும். புளி ஆகாது."

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"எப்படித் தெரியும்னு பாக்கறேளா? எங்காத்துக்கும் இதே கார்டு வந்துது. 'அம்மணி'ன்னு இருக்கற எடத்துல 'ஐயா'ன்னு போட்டிருந்தான், அவ்வளவுதான். இவர் கோட்டுப் பையில ஒளிச்சு வெச்சிருந்தார். தோய்க்கப் போடறச்சே என் கையில அகப்பட்டுது. எட்டு நாள் நான் இவரோட பேசல்லே."

"நான் எழுதவே இல்லேன்னு எவ்வளவு சொன்னேன்!" என்றார் அந்த மிடுக்கான மனுஷர். மிடுக்கு முழுவதும் போயிருந்தது. "கைக்கடியாரம் கேட்டு ஒருத்தனுக்குக் கார்டு போட்டேன். அதோட சரி."

முதலில் சிரித்தது என் மாமியார்தான். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். சொஜ்ஜி ஆறிப்போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. வண்டி ஏறுகிறபோது பிள்ளையின் அம்மா, "பொண்ணு பிடிச்சிருக்கு. மனுஷாளும் நம்பளை மாதிரிதான் இருக்கேள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். கல்யாணம் நிச்சயமான சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனால் கூடத்தில் உரக்கப் படித்த அந்தக் கார்டு என் பெயருக்கு வந்தது. பின்னாலேயே வந்த மாமியார் மெதுவாக, "நிஜமாவே நோக்கு ஒண்ணும் இல்லையேடி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லேம்மா. யாரோ என்னவோ எழுதினா, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அதை நான் மட்டும் பாத்திருந்தா கிழிச்சு அடுப்புல போட்டிருப்பேன்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வாய் திறந்து அந்த வீட்டில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கூடத்தில் இருந்த மாமனார் காதில் அது விழுந்திருக்கவேண்டும்.

மறுநாள் காலை அவர், வீட்டில் சேர்ந்து கிடந்த விளம்பரக் காகிதங்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு தபாலாபீஸ் போனார். அரைமணியில் திரும்பி வந்து, ரேழியில் நின்றபடியே, "மாட்டுப்பெண்ணே, நீயும் வரணுமாம்" என்றார். முகம் சரியாக இல்லை.

உத்தர வீதி முழுவதும் அவர் முன்னால் நடந்தார். பத்தடி தள்ளி நான். தபாலாபீசுக்குள் அதற்குமுன் நான் போனதில்லை. போஸ்ட்மாஸ்டர் சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உட்காருங்கம்மா" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அப்புறம் மாமனார் பக்கம் திரும்பினார்.

"சார், வேண்டாத தபாலை வாங்க மாட்டேன்னு சொல்லலாம். அது யார் பேருக்கு வந்திருக்கோ அவங்க இஷ்டம். 'வாங்க மறுக்கப்பட்டது'ன்னு எழுதி அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அனுப்பினவனுக்கே திருப்பிடுவோம். நாலு தரம் திரும்பிப் போனா அவனே நிறுத்திடுவான். ஆனா பிரிச்சதைத் திருப்ப முடியாதுங்க. இதெல்லாம் பிரிச்சிருக்கே, யார் பிரிச்சாங்க?"

"நான்தான்" என்றார் மாமனார்.

"உங்க பேருக்கா வந்தது?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். போஸ்ட்மாஸ்டருக்கும் சங்கடமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம், "கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பேஷாப் போடுவா. மூணாவது ஃபாரம் வரைக்கும் படிச்சவ" என்று நான் வாய் திறப்பதற்குள் மாமனார் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்திருந்த இரண்டு உறைகளை போஸ்ட்மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். இரண்டின்மேலும் அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேஜையில் இருந்த பேனாவில் மை அதிகம். முதல் உறையில் கொஞ்சம் கொட்டிவிட்டது.

திரும்பும்போது மாமனார் முன்னால் போகவில்லை. கூடவே நடந்தார். பாதி வீதி வந்ததும், என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் பேசினார்.

"பத்திரத்துல யார் பேர் இருக்கோ அவாதான் கையெழுத்துப் போடணும். அப்பன் வந்தாலும் ஆகாது, ஆம்படையான் வந்தாலும் ஆகாதுன்னு முப்பது வருஷம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஆத்துல மாத்திரம் அது நேக்குத் தோணவே இல்லை, பாரேன்."

நான், "வெயில் ஏறிடுத்துப்பா, நிழல்ல வாங்கோ" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு வந்த தபாலை அவர் பிரிக்கவில்லை. ஊஞ்சல் பலகையின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு, "நோக்கு வந்திருக்கு" என்று மட்டும் சொல்வார். ஆரம்பத்தில் அது அவருக்குச் சுலபமாக இல்லை. உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு சட்டென்று வைத்துவிடுவார். அதைப் பார்த்து நாத்தனாரும் நானும் அடுக்களையில் சிரிப்போம். படிக்க ஒன்றும் இல்லாமல் அவர் படுகிற பாட்டைப் பார்த்து என் புருஷர் ஒரு தினசரிப் பேப்பருக்கு ஏற்பாடு பண்ணினார். அதை அவர் தலையங்கம் முதல் ரயில் நேரம் வரை உரக்கப் படித்தார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

விளம்பரத் தபால் எல்லாவற்றையும் நான் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். லேகியக்காரனையும் ஜோசியரையும் விரட்டினேன். விதைக் கம்பெனி ஒன்று அனுப்பிய படப்புஸ்தகத்தை வைத்துக்கொண்டேன். வைகாசியில் நாத்தனார் கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தியம்மாள் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புளி கரைத்த சாத்தமுதுக்கு இலையில் சாதத்தைக் குழித்துக்கொண்டே, "புளி ஆகாதேடி!" என்று காதோடு சொல்ல, எனக்குப் புரையேறிவிட்டது.

கல்யாணச் சந்தடியெல்லாம் ஓய்ந்து ஒரு மத்தியானம், வீட்டில் ஆண்கள் இல்லாத சமயத்தில், மாமியார் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார். கதவைப் பாதி சாத்தினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடுப்பிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்தார். யாரைக் கொண்டு வாங்கினாரோ, தெரியாது.

"கும்பகோணத்துல எங்கக்கா இருக்காளோல்லியோ? அவளுக்கு நான் சொல்றதை எழுதித் தரயா? கார்டுல வேண்டாம். ஒட்டற கவர்லதான்." கொஞ்சம் தயங்கினார். "அவருக்குத் தெரிய வேண்டாம்னு இல்லை. நானும் என் அக்காவும் பேசிக்கறது, அவ்வளவுதான்."

அவர் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் எழுதினேன். நடுவில் இரண்டு தரம் சிரித்தார், ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று என் புருஷரிடம்கூட நான் சொன்னதில்லை. எழுதி முடித்ததும் உறையை நான் ஒட்டப் போனேன். மாமியார் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, நாக்கில் தடவித் தானே ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்திச் சரிபார்த்தார். பிறகு இரண்டு பேருமாகப் போய் வீதிக்கோடித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம்.