கக்கத்தில் வாத்து

பெட்டியக்கா இரண்டு கக்கத்தையும் இறுக்கிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். முழங்கை அசையாததால் டம்ளர் பாதி தூரம் மேலே வந்தது. மீதி தூரம் வாய் கீழே போனது.

"வலதுல உங்க வாத்து, இடதுல ஒத்துப்பாக்க வெறும் தண்ணி. யாரும் பேச்சுக் குடுக்காதீங்க, எனக்கே மாறிடும்."

கொட்டகை அண்ணியுடையது. தீனி போடுவது நான். நேற்று சில வாத்துகள் கழுத்து தொங்கிச் செத்தன. தகவல் போனதும் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா சோதனைப் பெட்டியோடு வந்துவிட்டார்.

வாத்திடமும் மரியாதைதான். "வாயைத் திறங்க. ஆ... அவ்வளவுதான், சமத்து." தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, மருந்துநீரில் அலசி, கிருமியின் மரபணுவைப் பிரித்துச் சின்னக் குழாயில் அடைப்பார். இளஞ்சூட்டில் வைத்தால் அது ஒன்று நூறாகப் பெருகுமாம். சூடேற்றும் கருவி பெட்டிக்குள் இருக்கிறது. போன மழையில் அது நனைந்து செத்துவிட்டது.

"புதுசு கேட்டிருக்கேன். வர்ற வரைக்கும் நான்தான் மெஷின்."

அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காகிதப் பட்டையில் ஒரு கோடு வந்தால் பிழைத்தோம். இரண்டு வந்தால் பறவைக்காய்ச்சல். அத்தனை வாத்தையும் குழியில் போட்டு மூடிவிடுவார்கள்.

"எனக்குக் காய்ச்சலடிக்குதுக்கா. என் கக்கத்துல வச்சா சீக்கிரம் ஆகாதா?"

"இது என்ன அடுப்பா, கூட்டி எரிக்க? காய்ச்சக்காரங்க கக்கம் செல்லாது."

அந்நேரம் அக்காவின் கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஊதிப் பார்த்தார். "யாராவது இதை முடிஞ்சு விடுங்களேன்."

"முதல்ல என் வாத்துக்கு வழி சொல்லுங்க. அப்புறம் சிங்காரிச்சுக்கலாம்" என்றாள் அண்ணி. எழுந்த நான் உட்கார்ந்துவிட்டேன்.

வாத்துகள் வேலியோரம் வரிசையாக வந்து நின்று அக்காவையே பார்த்தன. "என்னை ஏன் முறைக்கிறீங்க? உள்ள வேலை நடக்குதில்ல?"

நேரம் முடிந்ததென்று கைபேசி மணி அடித்தது. அக்கா குழாய்களை எடுத்துப் பட்டைக்கொரு சொட்டு விட்டார். பெட்டியிலிருந்து வேறு இரண்டு குழாய்களை எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டார். கை விடுபட்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் முடியை மறந்தே போனார்.

தண்ணீருக்கு ஒரு கோடு. வாத்துக்கும் ஒரு கோடு. அண்ணி பட்டையைத் திருப்பி, வெயிலில் பிடித்து, இரண்டாவது கோட்டைத் தேடினாள். இல்லை.

"இது அந்த நோய் இல்லம்மா. தீனியை மாத்திப் பாருங்க."

அண்ணி கட்டிப்பிடிக்கப் பாய்ந்தாள்.

"ஐயையோ, நெருக்காதீங்க! பக்கத்துக் கொட்டகை வாத்து உள்ள இருக்கு!"

அண்ணி அப்படியே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அக்காவின் பின்னால் போய், முடியை அள்ளி, சுருட்டி, இறுக்கமாகக் கொண்டை போட்டுவிட்டாள்.