மார்லிஸும் ஆர்டித்தின் பன்னும்

எங்கள் மின்னசோட்டா ஊரில் தேவாலயக் கூடத்துப் பண்டிகை விருந்து என்றால் மார்லிஸ் ஹென்னிங்கின் சமையல்தான். பள்ளிக்கூடச் சமையல்காரி. ஈஸ்டருக்குச் சுட்ட பன்றித்தொடை, ஜூலை நாலு சுதந்திர நாளுக்கு உருளைக்கிழங்கு சாலட், நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வெண்ணெய் பன். பத்தொன்பது வருடமாக அவள் பாத்திரம் காலியாகத்தான் வீடு திரும்பியது.

பிறகு ஆர்டித் ஸ்வென்சன் என்ற விதவை டுலூத் நகரத்திலிருந்து குடிவந்தாள். ஈஸ்டருக்கு அவள் கொண்டுவந்த தொடைக்கறி எலும்புவரை தீர்ந்தது. மார்லிஸுடையது பாதி மிச்சம். ஜூலையிலும் அதே கதை. மிஞ்சிய சாலட்டை அவள் கணவன் வெண்டல் மூன்று நாள் தின்றான்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப ஏன் மிஞ்சுது? சிரிச்சுச் சிரிச்சே ஊரை வளைச்சுட்டா அவ."

நன்றித் திருநாளுக்கு முதல் நாள் ஈஸ்ட் வாங்கப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போனபோது, ஆர்டித் நான்கு டஜன் பன் வாங்குவதை மார்லிஸ் மறைந்து நின்று பார்த்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் மார்லிஸ் பாடிக்கொண்டே காரோட்டி வந்தாளாம்.

மறுநாள் விருந்தில் ஆர்டித்திடம் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"மாவை எவ்வளவு நேரம் பிசைஞ்சீங்கக்கா?"

ஆர்டித் கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

"பிசைய முடியலம்மா. ரெண்டு வருஷமா இப்படித்தான். இது கடையில வாங்கினது."

ஒருத்தி ஓடிவந்து நாற்காலி போட்டாள், இன்னொருத்தி காபி கொண்டுவந்தாள். கடை பன் அத்தனையும் தீர்ந்தது.

"கை நல்லா இருக்கிறவளை எவ கவனிக்கிறா?" என்று என்னிடம் முணுமுணுத்த மார்லிஸின் முகம், சொன்ன மறுகணமே சிவந்துபோனது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆர்டித்தே மார்லிஸுக்கு ஃபோன் செய்தாள். "இஞ்சி பிஸ்கட்டுக்கு மாவை நீ தேச்சுக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுக்க வழியில்லை. ஒரு வாரம் ஆர்டித் வீட்டு அடுப்படியில் மாவு தேய்த்தாள். பேச்சோடு பேச்சாக, தொடைக்கறியில் என்ன தடவுவீர்கள் என்றும் கேட்டுப் பார்த்தாள். "கடுகும் ஆப்பிள் சாறும்" என்று ஆர்டித் ஒளிக்காமல் சொன்னது மார்லிஸுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விருந்தில் பிஸ்கட் தட்டு முதலில் காலியானது. அதன் முன்னால் 'ஆர்டித், மார்லிஸ்' என்று ஓர் அட்டை.

"என் பேரு ரெண்டாவதா?" என்றாள் மார்லிஸ் என்னிடம். "யாரு எழுதினது?"

"நான்தான். அகரவரிசைப்படி எழுதினேன்."

அவள் நம்பவில்லை.