அறுபது டிகிரி

எண்பதுகளின் நடுவில் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே எம்.எஸ்சி. கிடையாது. பி.எஸ்சி. முடித்த பெண்கள் மேலே படிக்கத் திருச்சிக்குப் போக வேண்டும், வீட்டில் விட மாட்டார்கள். எங்கள் துறையின் மூத்த சாரே, "ஹாஸ்டல்லாம் சரிப்படாது" என்று மகளின் ஆசைக்கு அணை போட்டிருந்தார்.

எம்.எஸ்சி. கேட்டு விண்ணப்பித்தோம். சோதனைக்கூடத்தைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. காட்டுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே பெருமை ஒரு மைக்ரோபிராசஸர் கிட். மின்னடுப்பை அது அறுபது டிகிரியில் தானாகவே பிடித்து வைக்க வேண்டும். புரோகிராம் மூத்த சாருடையது. அடுப்புக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே இத்தனை வினாடி ஆன், இத்தனை வினாடி ஆஃப் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டிச் சரிசெய்திருந்தார். அறுபது பிசகாமல் நின்றது.

எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், இது அடுப்பைப் பாக்கவே இல்லைங்க. கண்ண மூடிக்கிட்டு ஓடுது."

"நல்லா ஓடுறத ஏம்மா நோண்டுறீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து நானே ஒன்று எழுதினேன். முதலில் வெப்பநிலையைப் படி. ஐம்பத்தொன்பதுக்குக் கீழே போனால் ஆன், அறுபத்தொன்றைத் தாண்டினால் ஆஃப், நடுவில் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. அந்த இடைவெளி விடாவிட்டால் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டே பாழாய்ப்போகும்.

குழு வரும் நாள் விடியும்போதே நல்ல மழை. தா.பழூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழியில் ஒரு மோட்டார் கொட்டகையிலும் சத்தமில்லை. விவசாயி வீட்டில் பிறந்தவளுக்கு அது போதும். மற்ற நாட்களில் வயல் மோட்டார்கள் இழுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. பல்பே அழுது வடியும். சார் வினாடிகளைக் கணக்குப் போட்டது அந்தச் சோனிக் கரண்டுக்கு. இன்று முழுசாக வரும், அதே வினாடிகளில் அடுப்பு அறுபதைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

கிட்டை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தினமும் புரோகிராமைப் புதிதாகத் தட்ட வேண்டும். குழுவை அழைத்துவர சார் வாசலுக்குப் போயிருந்தார். நான் என்னுடையதைத் தட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

வந்தவர்களில் ஒருவர் சட்டென்று அடுப்பின் மூடியைத் திறந்துவிட்டார். கிட்டில் தெரிந்த வெப்பநிலை இறங்கியது. ஐம்பத்தெட்டுக்கு வந்ததும் ரிலே டக்கென்று ஆன் ஆனது. மூடியதும் ஏறி, தாண்டி, தானே அணைந்தது. அவர் சிரித்துக்கொண்டே சாருக்குக் கை கொடுக்க வந்தார்.

சார் கையை நீட்டவில்லை. "இது நான் எழுதுனது இல்லைங்க" என்றார்.

"என்னோடது சார். மழைல கரண்டு ஜாஸ்தியா வருது" என்றேன்.

சார் மேஜைமேல் இருந்த வோல்ட்மீட்டரை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் 'நான் எழுதுனது இல்லைங்க' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

எம்.எஸ்சி. கிடைத்தது. கிட் பாடம் எடுக்க என்னைப் போட்டதும் சார்தான். முன் பெஞ்சில் அவர் மகள். முதல் நாளே எழுந்து நின்றாள்.

"எத்தனை செகண்ட் ஆன்ல வைக்கணும், மேடம்?"

"அப்பா மாதிரியே கேக்குற. கடிகாரத்த விடு, அடுப்பைப் பாரு" என்றேன்.