மேலே கொஞ்சம் முடி

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தலை சீவுவது எல்லாம் நான்தான். ஒரு குறையும் வைத்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

போன மாதம் முடி வெட்ட, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள சலூனுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். கடைக்காரர் மெஷினை எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, மொத்தமும் ஒட்ட வெட்டவா, சுத்தி மட்டும் குறைச்சு மேல கொஞ்சம் விடவா?" என்று கேட்டார்.

"அவங்ககிட்ட என்ன கேக்கிய? சீவி விடுதது நான். ஒட்ட வெட்டிருங்க, ரெண்டு மாசத்துக்குச் சீப்பே வேண்டாம்" என்றேன்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் இவர் இடது கையைத் தூக்கி உச்சந்தலையை மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க, வெட்டிரப் போவுது" என்று அதட்டினேன்.

"மேல இருக்கட்டும். நானே சீவுதேன்" என்றார், வாய் குழற.

"இடது கையாலயா? வகிடு கோணிக்கிட்டு குருவிகுளம் ஊருக்குல்லா போவும்!"

"போவட்டும். ஏந் தலதான."

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்து எழுந்த இந்த எட்டு மாதத்தில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

"அவங்க சொன்னபடியே வெட்டுங்க" என்றேன்.

இப்போது தினமும் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்கிறார். வகிடு கோணல்தான். திருத்த என் கை துடிக்கும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாராவது வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக, "தலை அவங்களே சீவினது" என்று நானே சொல்லிவிடுகிறேன்.