நோர்வேயில் எனக்கு யாரும் இல்லை

குவைத்தில் விசா விண்ணப்பம் வாங்கும் கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், நோர்வேயில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். பக்கத்தில் நான் வேலை செய்கிற வீட்டு மேடம் நின்றார், லீவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் இந்த விசா. யாரும் இல்லை என்று சொன்னேன். என் கூடப்பிறந்த அண்ணா அங்கே முப்பத்தொரு வருஷமாக இருந்தார்.

இந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தது, வெள்ளிக்கிழமை லீவுக்கு நாங்கள் அப்பாசியாவில் கூடுகிற அறை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் வீட்டு வேலை, எல்லோரும் சட்டம் படித்தவர்கள் மாதிரித்தான் கதைப்போம். அண்ணன் அங்கே இருக்கிறான் என்றால் நீ ஓடி ஒளிந்துவிடுவாய் என்று விசா தரமாட்டார்கள், தந்தாலும் மேடம் பயந்து வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவார், வாயே திறக்காதே என்றார்கள். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரித் தலையாட்டினேன். அவர்களைக் குறை சொல்லி என்ன, பொய் சொன்ன வாய் என்னுடையதுதானே.

அண்ணா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. நோர்வேயின் வடக்கில் ஒரு தீவில் மீன் பக்டரி வேலை. அப்பா செத்தபோது அவர் ஊருக்கு ஓடி வந்தார், எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் கொன்ட்ராக்ட் முடிந்து நான் போனபோது அவருக்கு லீவு இல்லை. குவைத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடலாம் என்றால், நான் இருப்பதே இன்னொருவர் வீட்டில். எல்லாம் போனில்தான். அவருடைய மீசை நரைத்ததையும் போனில்தான் பார்த்தேன். கடைசி ஒரு வருஷமாக, நெட் சரியில்லை என்று குரல் மட்டும்தான்.

விசா வந்ததும் அண்ணா துள்ளினார். வீட்டில் வந்து இரு, நண்டு வாங்கி வைக்கிறேன் என்றார். நான் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன்.  சரி, எந்த நாள், எந்தக் கப்பல் என்று கேட்டார்.

மேடம், அவருடைய புருஷன் சேர், இரண்டு பிள்ளைகள், நான். ஒரு வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போனோம். அரிசிச் சாக்கு, மசாலா, பெரிய பானை எல்லாம் குவைத்திலிருந்தே வந்தன. தங்கிய மரவீடு ஒவ்வொன்றிலும் நான் மச்பூஸ் சோறு ஆக்கினேன். யன்னலுக்கு வெளியே பனி உருகி மலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது, நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். சூரியன் மறைய மாட்டேன் என்றதால் சின்னவள் நித்திரைக்கு மாட்டேன் என்றாள். கடற்கரையில் மரச்சட்டங்களில் மீன் காயப்போட்டிருந்தார்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். இந்த மணத்தோடுதானே அண்ணா ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போவார் என்று நான் மட்டும் நன்றாக மூச்சு இழுத்தேன்.

சென்யா தீவிலிருந்து அண்ணா இருக்கிற தீவுக்குக் கப்பலில் ஒரு மணி நாற்பது நிமிஷம். அந்த ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்காக அண்ணா தன் தீவிலிருந்து காலையில் இந்தக் கரைக்கு வந்து, எங்களோடு ஏறித் திரும்பினார். கோப்பி விற்கும் இடத்தில் நின்றார். கம்பளித் தொப்பி, நீல ஜக்கெட். மனிதர் பாதியாகிப் போயிருந்தார். என் கால் தன்பாட்டில் நடக்கப் பார்த்தது. சின்னவளின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

பாருங்களேன், அண்ணாதான் சேரிடம் போய், யாரோ வழிப்பயணி மாதிரி, வானிலை நன்றாயிருக்கிறது என்று இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தார். மேடம் என் பக்கம் திரும்பி, உன் நாட்டுக்காரர் போல, போய்க் கதைத்துக்கொண்டிரு, பாவம், எத்தனை நாளாயிற்று நீ உன் பாஷை கதைத்து என்றார். பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டு அண்ணாவுக்கு எதிரே இருந்தேன்.

“அழாதை பிள்ளை. மனிசி பாக்குது. சிரிச்சுக்கொண்டு கதை.”

சிரித்தேன். அப்படி ஒரு பாழாய்ப்போன சிரிப்பை என் வாழ்க்கையில் நான் சிரித்ததில்லை.

ஏன் இப்படி மெலிந்தீர்கள் என்று கேட்டேன். அண்ணியின் சமையல் அப்படி என்றார். மீசை எங்கே என்றேன். வயதைக் குறைத்துக் காட்டத்தான் என்றார். அந்தக் காலத்தில் நான் பொன்வண்டைப் பிடித்து அவருடைய பள்ளிக்கூடப் பெட்டிக்குள் விட்டதை ஞாபகப்படுத்தினார். நான் நிஜமாகவே சிரித்துவிட்டேன், மேடமும் தூரத்திலிருந்து சிரித்தார்.

“தொப்பியை ஒருக்காக் கழட்டுங்கோவன் அண்ணா. முகத்தை வடிவாப் பாக்க.”

“குளிரடி,” என்றார். கப்பலுக்குள்ளே ஹீட்டர் போட்டிருந்தது. பிள்ளைக்கே வியர்த்தது. எனக்கு உறைக்கவில்லை, மடச்சி.

கரை வந்தது. எல்லோரும் வானுக்குப் போக எழுந்தோம். அண்ணா சேருக்குக் கை கொடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து சின்னவளைத் தூக்கினார், அவளுடைய கம்பளிச் சட்டையோடு சேர்த்து நெஞ்சில் இறுக்கி உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் வாங்கி அதே இடத்தில் முகத்தை வைத்தேன். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

கார்த்திகையில் அண்ணி போன் எடுத்தார். அண்ணா செத்துப்போனாராம், புற்றுநோய். ஒரு வருஷமாக மருந்து ஏற்றியிருக்கிறார்கள், முடியும் மீசையும் கொட்டியிருக்கிறது. கப்பல் பயணம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லச் சொல்லத்தான் வந்திருக்கிறார். தங்கச்சிக்குச் சொல்லாதை, அவளாலை வர ஏலாது, சும்மா அந்தரிச்சுக்கொண்டு இருப்பாள் என்றாராம். அவரும் பொய், நானும் பொய். நல்ல குடும்பம்.

குவைத் குசினியில் தரையில் இருந்து நான் போட்ட சத்தத்துக்கு மேடம் ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி யன்னலில் சொன்ன பொய் உட்பட. அவரும் என் பக்கத்தில் தரையில் இருந்து என் தலையைத் தடவினார். என் பிள்ளையைத் தூக்கினாரே, அவரா என்று கேட்டார். பிறகு, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன்னை அந்தக் கரையிலேயே ஒரு கிழமை விட்டுவிட்டு நாங்கள் போயிருப்போமே என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என்னால் அழவும் முடியவில்லை.

சின்னவளுக்கு அந்தக் கம்பளிச் சட்டை இப்போது சிறிதாகிவிட்டது. இந்த வெக்கையில் அதற்கு வேலையும் இல்லை. யாருக்காவது கொடுத்துவிடு என்று மேடம் சொல்லி ஆறு மாதமாகிறது. கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என் பெட்டிக்குள் இருக்கிறது, இன்னும் தோய்க்கவில்லை.